காக்கை இல்லாத பாறையில் ஒரு பிடி சோறு

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். தம்பி சத்தமாகப் படி. பாப்பாவுக்குப் புரியாத வார்த்தை வந்தால் நிறுத்திச் சொல்லிக் கொடு, அவளைக் கேலி பண்ணாதே.

போன மாதம் போலகத்தில் உங்கள் அம்மா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வரிசையில் மண்டபத்தூர் மாமா. என்னோடு வெளிநாட்டில் பெயிண்டர் வேலை பார்த்தவர், உங்களுக்குத் தெரியும். பாயசம் வரும் நேரத்தில் அவர் பக்கத்து இலைக்காரரிடம் என்னைக் காட்டி, "இவன் யாருன்னு தெரியுமா? ஒரு பல்லிக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டு, கையில இருந்த ஃபாரின் வேலைய விட்டுட்டு வந்தவன்" என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பி, நீ மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாய்: "அப்பா, நீங்க பல்லிக்குப் பயந்துகிட்டா வந்துட்டீங்க?"

வீட்டில் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்ததும் கரண்ட் போய்விட்டது, பிறகு வேலை, பிறகு உங்கள் பரீட்சை. வாயால் சொன்னால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் தம்பி திருத்திக்கொள். விஷயத்தில் பிழை இருக்காது.

முதலில், அது பல்லி இல்லை. நம் வீட்டு பம்பு அடியில் ஓடுகிற அரணை இருக்கிறதே, அந்த மாதிரி தரையில் ஓடுகிற ஜாதி. அரணையை விடப் பெரியது. வால் சேர்த்தால் முக்கால் முழம் வரும். அரணைக்கு இருக்கிற தங்க மினுக்கு, கோடு ஒன்றும் கிடையாது. தலை, முதுகு, வால், கால் விரல் எல்லாம் கருப்பு. மழை பெய்து விட்டதும் பைபாஸ் ரோடு எப்படி இருக்கும், அந்தக் கருப்பு. இந்த உலகத்தில் ஒரே ஒரு தீவில்தான் அது இருக்கிறது. அந்தத் தீவை நம் கடைத்தெருவுக்குப் போய் வருகிற நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அதை விட்டால் வேறெங்கும் அதற்கு மாமன் மச்சான் இல்லை.

அங்கே நான் எப்படிப் போனேன் என்று கேட்பீர்கள். காரைக்காலில் பாதிப் பேர் பிரான்சுக்குப் போகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அந்தக் குடியுரிமை இருந்தவர்களுக்கு அது சரி. நம் வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா யாரும் கிடையாது. விழிதியூரில் நெல்லு போட்ட குடும்பம். வெல்டிங் கையில் இருந்ததால் நான் முதலில் துபாய் போனேன். அங்கிருந்த கம்பெனி மேற்கிந்தியத் தீவில் ஓட்டல் கட்டும் வேலைக்கு எங்களை அனுப்பியது. தம்பி கிரிக்கெட்டில் பார்க்கிற வெஸ்ட் இண்டீஸ்தான், ஆனால் அது ஒரே ஊர் இல்லை, கடலில் தெளித்த மாதிரி ஏகப்பட்ட ஊர். ஓட்டல் வேலை முடிகிற நேரத்தில், தூரத்துத் தீவு ஒன்றில் லைட் ஹவுஸ் ஏணி துருப்பிடித்துக் கிடக்கிறது, வெல்டர் ஒருவர், பெயிண்டர் ஒருவர், உதவிக்கு ஆட்கள் வேண்டும் என்றார்கள். நானும் மண்டபத்தூர்க்காரரும் போனோம். அப்போது எங்களுக்குள் மாப்ள, மாப்ளதான். இதில் இனிமேல் கூட்டாளி என்றே எழுதுகிறேன்.

தீவு என்றால் தென்னை மரம், மணல் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பாறை. நாலு பக்கமும் சுவர் போல் செங்குத்து. மரம் இல்லை, தண்ணீர் இல்லை, ஆள் இல்லை. ஒரு காலத்தில் உரத்துக்காகப் பறவை எச்சம் கலந்த கல்லை வெட்டி எடுத்துக் கப்பலில் கொண்டுபோய்விட்டார்களாம். வெட்டின குழிகள் அப்படியே கிடக்கின்றன. இப்போது சப்பாத்திக்கள்ளி, கடல் பறவைகள், அந்தக் கருப்பு ஓட்டக்காரர்கள், நடுவில் ஆள் இல்லாமல் தானாக எரிகிற விளக்கு. படகு கிட்டே போகும், அலை தூக்கும்போது பாறையில் பதித்த ஏணியைத் தாவிப் பிடிக்க வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளையான கூட்டாளி அந்த ஏணியில் ஏறி உட்கார்ந்து, "கடல் வேண்டாம்னுதான மாப்ள பெயிண்டு பிரஷ்ஷத் தூக்குனேன்" என்றான்.

ஏறுவதற்கு முந்தின நாள் பெரிய தீவில் எங்களை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அங்கே ஒரு அம்மா இருந்தார். அந்தத் தீவுக்காரர், நம்மைவிடக் கருப்பு, வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். அந்தப் பாறையில் இருக்கிற உயிர்களுக்கு அவர்தான் காவல். மேடம் என்போம். வேலை முடிகிற வரைக்கும் பாறையிலும் எங்களோடு இருந்தார். எங்கள் பை, பெட்டி, வெல்டிங் மிஷின் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். ஷூவின் அடியைக் குச்சியால் குடைந்து மண்ணை எடுத்தார். அரிசி மூட்டையைப் பிரித்துத் தட்டில் பரப்பினார். அந்தப் பாறையில் கப்பலோடு வந்த எலிகள் பெருகிக் கிடந்ததாம். முட்டை, செடி, விதை எல்லாவற்றையும் தின்று தீர்த்ததாம். மிகவும் பாடுபட்டு அப்போதுதான் ஒழித்திருந்தார்கள். அதனால் சட்டம் ரொம்பக் கடுமை. அங்கே ஒரு விதை விழக் கூடாது. சாப்பாட்டில் ஒரு துணுக்கு தரையில் கிடக்கக் கூடாது.

இந்தச் சட்டத்தைப் பற்றிக் கூட்டாளி முணுமுணுத்தான். நான் முணுமுணுக்கவில்லை. எலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உங்கள் தாத்தா அறுப்பு முடிந்து வரப்பில் எலி வளையைத் தோண்டினால் உள்ளே மரக்கால் நெல் இருக்கும். மொத்தமும் நம் நெல்லு. சோறு எங்கே கிடக்கிறதோ எலி அங்கே வரும், இதைச் சொல்லித்தர ஒருவர் கடல் தாண்டி வர வேண்டியதில்லை.

இப்போது தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் மேற்கிந்தியத் தீவுக்குப் போன முதல் வருஷத்திலேயே தாத்தா காலமாகிவிட்டார். நான் வந்து சேர வழி இல்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போனில் பேசினார். பாப்பா, உனக்கு அப்போது பேச்சு வருகிற வயது. யாராவது "அப்பா எங்கம்மா?" என்று கேட்டால் அலமாரியில் இருக்கிற செல்போனைக் காட்டுவாய். எல்லாரும் சிரித்து மகிழ்ந்திருக்கிறார்கள். தாத்தா சிரிக்கவில்லை. என்னிடம் சொன்னார்: "இந்தப் புள்ள செல்போனத்தான் அப்பாங்குது. நீ வந்து ஆளக் காட்டு."

"காட்டறேம்ப்பா, இந்த வேல முடியட்டும்" என்றேன்.

"எந்த வேல?" என்றார். ஒரு வேலை முடிந்தால் அடுத்த வேலை என்றுதான் அங்கே இருக்கும். லைன் கட்டாகிவிட்டது என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன், ஆனால் லைன் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் ரெண்டு பேரும்தான் பேசவில்லை.

அவருடைய முதல் வருஷத் திதி எப்போது வருகிறது என்று அம்மா பஞ்சாங்கம் பார்த்து முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அந்தத் தேதிக்குள் பாறை வேலை முடிந்து பெரிய தீவுக்குத் திரும்பிவிடலாம் என்பது கணக்கு. அந்தப் பக்கத்துத் தீவுகளில் நம் காக்கை கிடையாது. ஆனால் ஓட்டல் மேஜையில் வந்து ரொட்டித் துண்டைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரு கருப்புப் பறவை இருந்தது. கண் மட்டும் மஞ்சள். அதற்கு வைத்துவிடலாம், அப்பா ஏற்றுக்கொள்வார் என்று மனதுக்குள் தீர்மானித்து வைத்திருந்தேன்.

கடல் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கோ தூரத்தில் புயல், அலை உயர்ந்துவிட்டது. படகு வந்து பார்த்துவிட்டு, கிட்டே வர முடியாது என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. திதி பாறையில்தான் என்று ஆகிவிட்டது.

அன்று காலையில் டீயை வேண்டாம் என்றேன். கூட்டாளிக்குப் புரிந்துவிட்டது.

"இன்னக்கித்தானா?"

"ஆமா."

"காக்கா இல்லாத ஊர்ல ஏது மாப்ள திதி? ஒங்க தம்பி அங்க வச்சிருப்பாரு. ஒங்கப்பா இதையெல்லாம் கண்டுக்க மாட்டாரு, விட்டுருவாரு."

"அவரு விட்டுருவாரு. நான் விடணும்ல."

"அப்ப நீ சாப்புட மாட்ட."

"ஏதாவது ஒண்ணு வந்து வாயில வச்சாத்தான் சாப்புடுவேன்."

அவன் சுற்றிலும் கையைக் காட்டினான். "இங்க என்ன இருக்கு? அந்த வாத்துமூக்குக் கடல் பறவ மீனத் தவிர ஒண்ணையும் தொடாது. நீ பட்டினி கெடந்து சாவு, நான் ஒனக்குச் சேத்து வைக்கிறேன்."

எங்கள் போர்மேன் நல்ல மனிதர், ஆனால் கறார். வெறும் வயிற்றோடு அந்த வெயிலில் கோபுரத்தில் ஏற விடமாட்டேன் என்றார். காற்றில் ஏற முடியாமல் நின்றுபோன கடைசிப் படிகள் மட்டும் மேலே பாக்கி. நான் ஏறாவிட்டால் வேலை நிற்கும். அலை அடங்கிப் படகு வந்தாலும் வேலை முடியாமல் யாரும் இறங்க முடியாது. ஒரு பிடி சோற்றுக்காக எல்லாரையும் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று அவர்கள் பார்வையில் தெரிந்தது. அப்படியும் சாப்பிட மனது வரவில்லை.

நேராக மேடத்திடம் போனேன். திருட்டுத்தனமாக ஒரு குழிக்குள் வைத்துவிட்டு வரலாம் என்று கூட்டாளி யோசனை சொன்னான். அப்பாவுக்கு வைக்கிற சோற்றைத் திருட்டுத்தனமாக வைப்பார்களா? எனக்கு இங்கிலீஷ் பாதிதான் வரும். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்குக் கால்வாசிதான் புரியும். இருக்கிற வார்த்தையை வைத்துச் சொன்னேன். எங்கள் அப்பா இறந்து ஒரு வருஷம். எங்கள் ஊரில் காக்கைக்குச் சோறு வைத்து அது தின்ற பிறகுதான் மகன் சாப்பிடுவான். இங்கே காக்கை இல்லை. கருப்பாக இருக்கிறது இவை மட்டும்தான்.

அவர் முதலில் முடியாது என்றுவிட்டார். இன்றைக்கு ஒரு பிடி வைத்தால் நாளைக்கு இவை ஆளைக் கண்டால் சோற்றுக்கு வந்து நிற்கும், அப்புறம் பூச்சி பிடிப்பதை விட்டுவிடும் என்றார். எலி விஷயம் தெரியாதா என்றார். தெரியும் என்றேன். வயலில் எலி வளை தோண்டினதைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "நீங்க வேண்டாம்னா வைக்க மாட்டேன். ஆனா நானும் சாப்பிட மாட்டேன்."

அதற்கு மேடம் அந்தப் பிராணியின் விஞ்ஞானப் பெயரைச் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை. அதற்கு அர்த்தம் காக்கை நிறத்தது என்றார். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எந்தக் காலத்திலோ வைத்த பெயராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார், நானும் சிரித்தேன்.

அவற்றைப் பிடித்து எடை பார்ப்பதற்காக மேடம் ஒரு வெள்ளைத் தட்டு வைத்திருந்தார். பழத்துண்டு வைத்து வரவழைப்பார். அந்தத் தட்டில் வைப்பதற்கு மட்டும் அவருக்கு அனுமதி உண்டு. அன்றைக்குப் பழத்தோடு என் சோற்றையும் அதில் வைக்கலாம் என்றார். தட்டைத் தாண்டி ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. மிச்சம் அவ்வளவும் டப்பாவுக்குள் போய்ப் படகில் ஏற வேண்டும். தட்டுப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருப்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

குடிக்கிற தண்ணீரே அளந்துதான். என் பங்கில் ஒரு குவளையைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு சமைத்தேன். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. எள் இல்லை, வாழை இலை இல்லை. வாழைப்பழம் மேடம் கொடுத்தார். கோபுர நிழலில் தட்டை வைத்து, சோற்றைப் பிடித்து வைத்து, நம் ஊர் இருக்கிற கிழக்கே பார்த்துக் கும்பிட்டேன். பிறகு நம் வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன். கா, கா, கா. கடலுக்கு நடுவில் அப்படிக் கூப்பிட வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இல்லை. பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த பறவை ஒன்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அந்தக் கருப்பு ஓட்டக்காரர்கள் குழியிலிருந்து வந்தார்கள். ஓட்டம், நிறுத்தம், மறுபடி ஓட்டம். கோழி கிளறுகிற மாதிரி முன்னங்காலால் கிளறிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்தது பெரிசு. வால் எப்போதோ அறுந்து, மொட்டையாக முளைத்திருந்தது. அது தட்டுக்குப் போகவில்லை. நேராக என் காலுக்கு வந்து கட்டைவிரலை நாக்கால் தொட்டது.

"மாப்ள, கால எடு" என்றான் கூட்டாளி. அவன் குரலே மாறிவிட்டது. "அரண நக்குனா மரணம்டா."

"கடிச்சாத்தான மரணம்பாங்க?"

"எங்க ஊர்ல நக்குனாலே மரணம்."

"எங்க ஊர்ல அரணைக்கு மறதி. கடிக்க வந்துட்டு எதுக்கு வந்தோம்னு மறந்துட்டுப் போயிடும்."

"இது வெளிநாட்டு அரண. மறக்குமோ என்னமோ."

மேடம் என்ன என்று கேட்டார். சொன்னேன். இதற்கு விஷமே கிடையாது என்று சிரித்தார். கூட்டாளி நம்பவில்லை. வெல்டிங் பெட்டி மேல் ஏறி நின்றுகொண்டான். நான் காலை எடுக்கவில்லை. பயம் இருந்தது, தம்பி. நீ கேட்டாய் அல்லவா, அதனால் சொல்கிறேன். அந்த நாக்கு பட்டபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் காலை எடுக்கவில்லை.

பெரிசு தட்டின் விளிம்பில் ஏறியது. சோற்றைத் தொட்டுப் பார்த்தது. இறங்கிப் போய்விட்டது. மற்றவையும் பின்னாலேயே போய்விட்டன. மறுபடியும் கூப்பிட்டேன். வந்தது, பார்த்தது, போனது.

காக்கை சோறு எடுக்கவில்லை என்றால் நம் பக்கம் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். போனவருக்கு மனதில் ஏதோ குறை. அதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் எடுக்கும். விழிதியூரில் சொந்தக்காரர்கள் சோற்றைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒன்றாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன், கோயிலுக்கு விளக்கு வாங்கி வைக்கிறேன் என்று. சில சமயம் காக்கை வருவதற்குள் குடும்பத்தில் சண்டையே வந்துவிடும்.

பெட்டி மேல் நின்றுகொண்டே கூட்டாளி ஆரம்பித்தான். "கொற இருக்கு மாப்ள. கேளு. மேலண்ட வரப்புத் தகராற முடிச்சுக்கறேன்னு சொல்லு."

"அது அவரு இருக்கும்போதே முடிஞ்சிடுச்சி."

"தம்பியோட ஒத்துமையா இருக்கேன்னு சொல்லு."

"இருந்துகிட்டுத்தான இருக்கேன்."

"அப்ப வேற என்னதான் கொற அவருக்கு?"

எனக்குத் தெரியும். கூப்பிட ஆரம்பித்தபோதே தெரியும். அதைச் சொல்லாமல் காரியத்தை முடித்துவிட முடியுமா என்றுதான் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அடுத்த காண்ட்ராக்டுக்கு எங்கள் ரெண்டு பேர் பெயரும் போயிருந்தது. துறைமுக வேலை, பல வருஷத்துக்கு. நான் சரி சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதற்குப் போனால் பாப்பா பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும், அதற்கு மேலும், அப்பா அலமாரியில்தான் இருப்பார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் கண்டுபிடித்துவிட்டான். "மாப்ள, அதச் சொல்லாத. யோசிச்சுக்க. சொன்னா சொன்னதுதான். ஒரு பல்லிக்கு முன்னால நீ உடும்பா நிக்காத."

நான் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. "அப்பா, புள்ளைக்கு ஆளக் காட்டறேன். இந்த வேலையோட வந்துடறேன். மறுபடி போவல" என்றேன். அதற்கு மேல் கா என்று கூப்பிடவில்லை. ஒன்றும் பேசவில்லை. கூட்டாளியும் பேசவில்லை.

முதலில் ஒரு சிறிசு வந்து வாழைப்பழத்தை இழுத்தது. அதை விரட்டிக்கொண்டு மொட்டைவால் வந்தது. தட்டின் நடுவில் ஏறி நின்று சோற்றில் வாயை வைத்தது. தலையைச் சாய்த்து, ஒரு கவளம் விழுங்கி, மறுபடி வைத்தது.

அவை ஏன் அப்போது வந்தன என்று மேடம் பிறகு எனக்கு விளக்கினார். தரை அதிர்ந்துகொண்டிருந்தால், ஆள் அசைந்துகொண்டிருந்தால் அவை தயங்குமாம். நாங்கள் கத்துவதை நிறுத்தி அசையாமல் இருந்ததும் தைரியம் வந்ததாம். பழ வாசனையும் ஒரு காரணமாம். அவர் சொன்னது உண்மைதான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், எந்தக் காரணத்துக்காக அது தின்றது என்பது அதன் விஷயம். நான் என்ன சொன்னேன் என்பது என் விஷயம்.

அன்று சாயங்காலத்துக்குள் கடைசிப் படிகளைப் பற்றவைத்து முடித்தேன். அலை அடங்கிப் படகு வந்தது. பெரிய தீவில் சிக்னல் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணினேன். திதி எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"அதெல்லாம் நல்லா நடந்துச்சிங்க. ஒங்க தம்பி எலையக் கொண்டுபோயி வைக்கறதுக்குள்ள காக்கா கூட்டமா வந்து சண்ட போட்டுத் தின்னுடுச்சி" என்றாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கூட்டாளி குதித்தான். "கேட்டியா? அங்க அவரு திருப்தியாச் சாப்புட்டாச்சி. நேரத்தக் கணக்குப் பண்ணிப் பாரு, நீ தட்டு வைக்கறதுக்கு முன்னாலயே அங்க முடிஞ்சிபோச்சி. அவருக்குக் கொறையே இல்ல. நீ சொன்னது செல்லாது."

அவன் சொன்ன கணக்கு சரி. இதைப் பற்றி அவன் ஒரு வாரம் பேசினான். போர்மேனும் கூப்பிட்டுக் கேட்டார், துறைமுக வேலையில் உனக்கு மேஸ்திரி மாதிரி இடம் கிடைக்கும் என்றார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காக்கை தின்றதால் என் வாக்கு கழிந்துபோகுமா? நான் காக்கைக்கா சொன்னேன்? மண்டபத்தூர் மாமா அடுத்த தடவை இந்தக் கதையைச் சொல்லும்போது நீங்களும் சிரியுங்கள், அவர் நல்லாத்தான் சொல்கிறார். ஒரு இடம் மட்டும் தப்பு. நான் பல்லிக்குச் சத்தியம் பண்ணவில்லை. தாத்தாவுக்குப் பண்ணினேன். அது கூட இருந்து பார்த்தது, அவ்வளவுதான்.

பாப்பா, நான் வந்த நாளில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா உன்னிடம், "அப்பா எங்கம்மா?" என்றாள். நீ என்னைத் தாண்டிப் போய் அலமாரியைக் காட்டினாய். "இவருதான் அப்பா" என்று சித்தப்பா சொன்னார். நீ என்னைப் பார்த்தாய், போனைப் பார்த்தாய், போனை எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் போய் நின்றுகொண்டாய். எனக்கு அழுகை வரவில்லை. பிடிவாதம்தான் வந்தது. தினமும் காலையில் வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கடற்கரை லைட் ஹவுஸ் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். பேசவே மாட்டாய். மழைக்காலம் வந்து, ஒரு நாள் வண்டி சேற்றில் சறுக்கி நாம் ரெண்டு பேரும் விழுந்தோமே, அப்போதுதான் முதல்முதலாக "அப்பா, வலிக்குது" என்றாய். போனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இப்போது பைபாஸ் பக்கத்துப் பட்டறையில் கேட், கிரில் அடிக்கிறேன். வேலை இருக்கிற மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. தம்பி, உன் சிநேகிதர்களுடைய அப்பாக்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் ஏசி இருக்கிறது, எனக்குத் தெரியும். அவர்கள் தப்புப் பண்ணவில்லை. அவர்களுக்கு அவர்கள் காரணம். எனக்கு இது. பயந்து வரவில்லை, அதை மட்டும் தெரிந்துகொள். பம்பு அடியில் இருக்கிற அரணையை இனிமேல் கல்லால் அடிக்காதே. அதற்கு விஷம் இல்லை.

யாருக்கும் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்குப் பாறையில் அது தின்று முடித்ததும் மேடம் மிச்சத்தை டப்பாவில் போட்டு, தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். கூட்டாளி பெட்டியிலிருந்து இறங்கி, "வா மாப்ள, இப்பவாவது சாப்புடு" என்று சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனான். வருகிறேன் என்றேன். மொட்டைவால் தலையை உதறித் தின்றபோது ஒரு பருக்கை தெறித்ததை நான் பார்த்திருந்தேன். தட்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில், பாறையில் விரல் நுழையாத ஒரு பொத்தல். அதற்குள் வெள்ளையாகத் தெரிந்தது. மேடம் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை.

வெல்டிங் கம்பி ஒன்றை எடுத்து நுனியை வளைத்தேன். சுடுகிற பாறையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பருக்கை உடையாமல் மெல்ல மெல்ல மேலே இழுத்தேன். ஒருமுறை நழுவி இன்னும் ஆழத்துக்குப் போனது. மறுபடி இழுத்தேன். விரலில் எடுத்து ஊதினேன். கொஞ்சம் கல் தூள் ஒட்டியிருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.